கிடப்பில் கிடந்த திகில் கேம்கள்: எடை போடுமுன் சரிசெய்ய வேண்டியவை

தள்ளுபடியில் வாங்கிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் தொடாத கேம்களில் திகில் வகைக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கார் பந்தய கேமில் நிறம் கொஞ்சம் வெளிறினாலும் பந்தயம் பந்தயம்தான். திகில் கேமில் இருட்டு வெளிறி, எதிரொலி காணாமல் போய், மவுஸ் இழுத்த இழுப்புக்கு வராமல் தாமதித்தால், மிஞ்சுவது சாவி தேடிக் கதவு திறக்கும் வேலை ஒன்றுதான். 'பழசாகிவிட்டது, பயமே வரவில்லை' என்று எழுதப்படும் விமர்சனங்கள் பல உண்மையில் அந்த கேமைப் பற்றியவை அல்ல. அது ஓடிய டிவியையும் விண்டோஸையும் பற்றியவை.

இங்கே எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் 1999-க்கும் 2015-க்கும் இடையில் வந்தவை. விண்டோஸ் 11 கணினி ஒன்று, பிளேஸ்டேஷன் 2 ஒன்று. ஒவ்வொரு கேமிலும் எது கெட்டுப்போகிறது, ஏன், எப்படிச் சரிசெய்வது, சரிசெய்தபின் கேம் எப்படி நிற்கிறது என்பதே பதிவு. வெளியான வருட வரிசையில் விளையாட வேண்டியதில்லை. ஒரே இன்ஜினில் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளில்) ஓடும் கேம்களை அடுத்தடுத்து எடுத்தால் ஒரே திருத்தம் இரண்டுக்கும் உதவும்.

முதலில் இருட்டு

கேமை நிறுவும் முன்பே செய்ய வேண்டிய சோதனை இது. பெயின்டில் முழுக் கறுப்புப் பின்னணி போட்டு, அதன்மேல் 4, 8, 12, 16, 20, 24 என்ற மதிப்புகளில் ஆறு சாம்பல் கட்டங்கள் வரையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண். பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் ஆனால் சுருக்கத்தில் 4-உம் 8-உம் கலங்கிவிடும். அறை விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகிய பிறகு படத்தை முழுத்திரையில் பாருங்கள். 8 மங்கலாகவும் 12 தெளிவாகவும் தெரிந்தால் திரை சரி. 16 வரை ஒரு கட்டம்கூடத் தெரியவில்லை என்றால் கேமின் பிரகாசத்தைக் கூட்டுவதில் பயனில்லை. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

பெரும்பாலும் அது எச்டிஎம்ஐ வழியாகப் போகும் வெளிச்ச மதிப்புகளின் வரம்பு. கணினி 0 முதல் 255 வரை முழு வரம்பில் அனுப்புகிறது, டிவியோ 16 முதல் 235 வரை வரும் என்று எதிர்பார்க்கிறது. அப்போது 16-க்குக் கீழே உள்ள எல்லாமே ஒரே கறுப்பாகிவிடும். மூலையில் நிற்கும் உருவம், கதவிடுக்கில் தெரியும் கை எல்லாம் அந்தப் பதினாறு படிகளுக்குள்தான் ஒளிந்திருக்கும். எதிர்த்திசைக் குழப்பமும் உண்டு. கணினி குறைந்த வரம்பில் அனுப்பி டிவி முழு வரம்பை எதிர்பார்த்தால் கறுப்பு சாம்பலாகி, நள்ளிரவு அந்தி நேரம் போலத் தெரியும். கிராபிக்ஸ் கார்டின் கட்டுப்பாட்டுப் பலகையில் வெளியீட்டு வரம்பையும், டிவியில் 'பிளாக் லெவல்' என்று இருக்கும் அமைப்பையும் ஒன்றுக்கொன்று பொருத்த வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பிழை திசைமாறும், தீராது.

இரண்டாவது குற்றவாளி எச்டிஆர், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே அதிக இடைவெளி காட்டும் திரை முறை. விண்டோஸில் எச்டிஆரைப் போட்டுவைத்துவிட்டுப் பழைய சாதாரண கேமை ஓட்டினால், விண்டோஸ் அதன் நிழல்களை எஸ்ஆர்ஜிபி வளைவுப்படி மாற்றி அனுப்புகிறது. பெரும்பாலான கேம்கள் உருவானதோ காமா (எண் மதிப்பை வெளிச்சமாக்கும் வளைவு) 2.2 திரைகளைப் பார்த்து. இரண்டுக்கும் வித்தியாசம் நடுத்தர வெளிச்சத்தில் தெரியாது, கறுப்பை ஒட்டிய பகுதியில் மட்டும் நிழல் தூக்கலாகத் தெரியும். திகில் கேம் குடியிருப்பதே அந்தப் பகுதியில்தான். விண்டோஸ், ஆல்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எச்டிஆர் அணையும். 2014-க்கு முந்தைய எந்த கேமுக்கும் அதை அணைத்துவிட்டே தொடங்குங்கள்.

ஓஎல்இடி திரை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜி-சிங்க், ஃபிரீசிங்க் போன்ற மாறும் புதுப்பிப்பு வீதம் இயங்கும்போது ஃபிரேம் ரேட் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) ஏறி இறங்கினால், கறுப்பை ஒட்டிய சாம்பல் நிறங்கள் மினுங்கும். பேனலின் காமா நிலையான வேகத்துக்கு அளவமைக்கப்பட்டது என்பதே காரணம். இருண்ட வராந்தாவில் சுவர் முழுக்கப் படபடத்தால் அது கேமின் விளைவா, திரையின் கோளாறா என்று தெரியாமல் குழம்புவோம். ஃபிரேம் ரேட்டை ஒரே எண்ணில் பூட்டுங்கள், போதாவிட்டால் மாறும் வீதத்தையே அணையுங்கள். விஏ வகை எல்சிடி பேனல் என்றால் இருட்டில் கேமராவைத் திருப்பும்போது கறுப்பு இழுபட்டுப் பூசினாற்போல வரும். பிக்சல் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவை ஒரு படி கூட்டினால் ஓரளவு குறையும், முழுதாகப் போகாது.

இத்தனையும் முடிந்தபின்தான் கேமுக்குள் இருக்கும் காமா திரை. 'இந்தச் சின்னம் மங்கலாகத் தெரியும்வரை நகர்த்துங்கள்' என்று சொன்னால் சொன்னபடியே செய்யுங்கள். 'கொஞ்சம் வசதியாக இருக்கட்டும்' என்று இரண்டு படி கூட்டுவது மிகப் பரவலான தவறு.

அந்த இரண்டு படி அடியோடு கெடுக்கும் கேம் 'அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்'. ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ், 2010. இருட்டில் நின்றால் மனநிலை சரியும், வெளிச்சத்தில் நின்றால் அரக்கன் கண்ணில் படுவோம். தீப்பெட்டியும் விளக்குக்கான எண்ணெயும் அளவோடுதான் கிடைக்கும். காமாவைக் கூட்டிவைத்தால் விளக்கே ஏற்றாமல் கோட்டை முழுக்க நடந்துவிடலாம், பேரம் முழுவதும் செத்துப்போகும். சரியான இருட்டில், தீப்பெட்டி நாலைந்துதான் மிச்சம் என்ற நிலையில், வெள்ளம் சூழ்ந்த நிலவறைப் பகுதி இன்றும் கையை வியர்க்க வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தண்ணீரில் காலடித் தெறிப்போடு வருகிறது, நாம் பெட்டிமேல் பெட்டியாகத் தாவுகிறோம், அவ்வளவுதான்.

குறை என்னவென்றால், இயல்பான நிலையில் செத்தால் தண்டனை மிகக் குறைவு. சில இடங்களில் மறுபடி வரும்போது அரக்கன் இருந்த இடத்தில் இருக்கவே மாட்டான். 2018-இல் சேர்க்கப்பட்ட கடின நிலை இதற்கு நல்ல மருந்து. தானியங்கிச் சேமிப்பு கிடையாது, ஒரு முறை சேமிக்க நான்கு தீப்பெட்டி செலவு, மனநிலை பூஜ்யமானால் மரணம், அரக்கன் வருவதை அறிவிக்கும் இசையும் இல்லை. முதல்முறை விளையாடுபவருக்கே கடின நிலையைப் பரிந்துரைக்கலாம் என்பது இந்தப் பதிவின் கட்சி. திட்டுவார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

காணாமல் போன எதிரொலி

2000-ஐ ஒட்டி வந்த கணினி கேம்கள் பல, இடத்துக்கேற்ற எதிரொலிக்கு ஈஏஎக்ஸ் என்ற தொழில்நுட்பத்தை நம்பியிருந்தன. அது சவுண்ட் கார்டின் வன்பொருளில் டைரக்ட்சவுண்ட் 3டி வழியாக ஓடியது. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா அந்த வன்பொருள் வழியையே எடுத்துவிட்டது. விளைவாக அன்றிலிருந்து அந்த கேம்களில் குளியலறையும் கிடங்கும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஆடியோ அமைப்பில் ஈஏஎக்ஸ் பொத்தான் மங்கிக் கிடப்பதைப் பார்த்தால் கதை இதுதான்.

தீர்வு டிஎஸ்ஓஏஎல். அது பழைய டைரக்ட்சவுண்ட் அழைப்புகளைப் பிடித்து ஓபன்ஏஎல் சாஃப்ட் என்ற திறந்தமூல ஒலி நூலகத்துக்குத் திருப்பிவிடும். அதன் டிஎல்எல் (துணை நிரல்) கோப்புகளை கேமின் இயங்குகோப்பு இருக்கும் அதே கோப்புறையில் போட வேண்டும். மேல் கோப்புறையில் போட்டுவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பதுதான் வழக்கமான தவறு. சரியாக ஏறிவிட்டால் கேமின் ஆடியோ பட்டியலில் ஈஏஎக்ஸ் பொத்தான் உயிர்பெறும், அதைக் கையால் போட்டுவிட வேண்டும்.

ஹெட்போனில் கேட்பவர்கள் ஓபன்ஏஎல் சாஃப்டின் எச்ஆர்டிஎஃப் வசதியை இயக்கினால் மேல், கீழ், பின் என்று திசை பிரிந்து கேட்கும். அப்போது விண்டோஸ் சோனிக், டால்பி அட்மாஸ் போன்றவற்றைக் கட்டாயம் அணையுங்கள். இரண்டு திசைக் கணக்கீடு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சத்தம் தலைக்குள் குழம்பி, எங்கிருந்தும் வராதது போல ஆகிவிடும். டிவியின் 'இரவு நிலை', விண்டோஸின் 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' இரண்டும் கூடாது. சிறு சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்குவது அவற்றின் வேலை. அமைதிக்கும் அலறலுக்கும் உள்ள இடைவெளியில்தான் திகில் கேம் பிழைக்கிறது. பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவில் ஒலியை ஒருமுறை வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

'சிஸ்டம் ஷாக் 2' (1999) இந்த வேலைக்கு நேரடிப் பலன் தரும் கேம். இதற்கு டிஎஸ்ஓஏஎல்கூடத் தேவையில்லை. 2012-இல் வெளிவந்த நியூடார்க் என்ற ரசிகர் பேட்ச் அகலத்திரை, புதிய விண்டோஸ் ஆதரவு இரண்டோடும் ஓபன்ஏஎல் வழியையும் சேர்த்தது. இப்போது விற்கப்படும் கிளாசிக் பதிப்பு அதன்மேல்தான் நிற்கிறது. ஆடியோ பிரிவில் ஓபன்ஏஎல்லைத் தேர்ந்தெடுங்கள். நைட்டைவ் நிறுவனத்தின் மறுபதிப்பு 2025-இல் வந்துவிட்டது. கோப்புகளை நோண்ட விருப்பமில்லாதவர்கள் அதையே எடுக்கலாம்.

கிராபிக்ஸ் அட்டைப்பெட்டி மாதிரிதான். ஆனால் ஃபான் பிரவுன் கப்பலின் மருத்துவத் தளத்தில், தொற்றுக்கு ஆளான மாலுமி ஒருவர் அடுத்த அறையில் மன்னிப்புக் கேட்டபடியே நம்மைத் தேடி வரும் குரல், எதிரொலியோடு கேட்கும்போது வேறு ரகம். எதிரிகள் மறுபடி மறுபடி வருவார்கள், துப்பாக்கி சுடச்சுடத் தேய்ந்து நின்றுபோகும். தேய்மான வேகம் எரிச்சலூட்டினால் அமைப்புக் கோப்பில் அதைக் குறைக்கலாம், குறைத்தால் விமர்சனத்தில் அதைச் சொல்ல வேண்டும். தேய்மானத்தை முழுதாக அணைத்துவிட்டு 'சுலபம்' என்று எழுதுவது நியாயமில்லை. கடைசிப் பகுதிகள், குறிப்பாகக் கப்பலைவிட்டு உயிர்த்திசுவின் உள்ளே நுழைந்தபின், அவசரமாகக் கட்டியவை போல இருக்கின்றன. எந்த அமைப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அறுபதுக்கு மேல் போகாதீர்கள்

பழைய கேம்களில் இயற்பியல் கணக்கும் மவுஸ் கணக்கும் ஃபிரேம் ரேட்டோடு கட்டப்பட்டிருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கட்டவிழ்த்துவிட்டால் பிணங்கள் துள்ளும், கதவில் பொருட்கள் சிக்கும். ரிவாடியூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வர் என்ற சிறு நிரலில் ஒவ்வொரு கேமின் இயங்குகோப்பையும் தனித்தனியாகச் சேர்த்து 60 என்று பூட்டிவிடுங்கள். புது கேம்களும் இதற்கு விலக்கல்ல. 2019-இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2' மறுஆக்கத்தில் ஃபிரேம் ரேட் கூடக் கூடக் கத்தியின் சேதமும் கூடியது, கேமை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கப் போட்டியிடும் வேகவிளையாட்டுக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தினார்கள். ஆகவே ஆயுதம் பலமா பலவீனமா என்று எழுதும்போது எந்த ஃபிரேம் ரேட்டில் என்பதும் தகவலின் பகுதி.

'டெட் ஸ்பேஸ்' (2008) கணினிப் பதிப்பு கெட்ட பெயர் வாங்கியது மவுஸால். கேமுக்குள் இருக்கும் வி-சிங்க்கை (படங்களைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைக்கும் அமைப்பை) போட்டால் ஓட்டம் 30-க்கு இறங்கி, மவுஸ் சேற்றில் இழுப்பதுபோல் ஆகும். அணைத்தால் திரை கிழிகிறது. வழி: கேமுக்குள் வி-சிங்க்கை அணையுங்கள், கிராபிக்ஸ் கார்டின் பலகையில் இந்த கேமுக்கு மட்டும் வி-சிங்க்கைக் கட்டாயமாக்குங்கள், மேலே 60 பூட்டு. மவுஸ் உடனே இலகுவாகும். நான்காம் அத்தியாயத்தில் விண்கற்களைச் சுடும் பீரங்கிப் பகுதி வரும். பலர் கேமையே மூடிவைத்த இடம் அது. இந்தத் திருத்தத்தோடு அது ஒரே மூச்சில் முடியக்கூடிய சாதாரணப் பகுதி.

சரிசெய்தபின் தெரிவது என்னவென்றால், இதில் திகில் என்பது பாதி வடிவமைப்பு, பாதி கைவேலை. உயிர் அளவு முதுகுத்தண்டில், தோட்டா எண்ணிக்கை துப்பாக்கிமேலேயே. பொருட்பட்டியலைத் திறந்தாலும் நேரம் நிற்காது. தலையைச் சுட்டுப் பழகிய கையைக் கால், கை என்று வெட்டப் பழக்குகிறது. பிளாஸ்மா கட்டரை நெடுக்கில் இருந்து குறுக்காகத் திருப்பிக் காலைத் துண்டித்து, ஊர்ந்து வருவதைக் கணக்குப் பண்ணும் அந்த ஒரு நொடிப் பதற்றம் 2023 மறுஆக்கத்துக்குப் பிறகும் பழையதில் குறையவில்லை. கடைசி மூன்றில் ஒரு பங்கில் அதே அறை, அதே பூட்டு, அதே இரண்டு பக்கக் காற்றுத்துளை. அங்கே பயம் போய் வேலைப்பளு வந்துவிடுகிறது.

'ஃபியர்' (2005, மோனோலித்) இன்னும் விசித்திரமான நோய் கொண்டது. எவ்வளவு சக்திவாய்ந்த கணினியானாலும் விளையாடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் ஓட்டம் படுத்துவிடும். கிராபிக்ஸைக் குறைத்துப் பயனில்லை. காரணம் மவுஸ், விசைப்பலகை போன்ற எச்ஐடி சாதனங்களை இந்த இன்ஜின் டைரக்ட்இன்புட் என்ற விண்டோஸ் உள்ளீட்டு நூலகம் வழியாகக் கையாளும் விதம். கூடுதல் பொத்தான்கள் கொண்ட கேமிங் மவுஸும் விசைப்பலகையும் விண்டோஸுக்குப் பல எச்ஐடி சாதனங்களாகத் தெரியும், பிரச்சினை அங்கே வெடிக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனங்களை ஒவ்வொன்றாக முடக்குவது பழைய வைத்தியம், தவறிப்போய் விசைப்பலகையையே முடக்கிவிடும் ஆபத்து அதில் உண்டு. இப்போது எக்கோபேட்ச் என்ற ரசிகர் திருத்தம் இதைத் தீர்த்து, உயர்ந்த ஃபிரேம் ரேட்டில் வரும் இயற்பியல் கோளாறுகளையும், பெரிய திரையில் எழுத்து எறும்பளவு சுருங்குவதையும் கவனித்துக்கொள்கிறது. அதன் கோப்புகளை கேம் கோப்புறையில் போடுவதோடு வேலை முடிந்தது. இன்னொன்று: மென்நிழல்களும், விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றத்தைச் சீராக்கும் ஆன்டிஅலையாசிங்கும் இந்த கேமில் ஒன்றாக ஓடாது. நிழல் கரகரப்பாகத் தெரிந்தாலும் ஆன்டிஅலையாசிங்கை வைத்துக்கொள்வது மேல்.

விமர்சனமாகச் சொன்னால், ஃபியரின் பேய் ஆபத்தில்லாத பேய். சிறுமி தோன்றுவாள், விளக்கு மினுக்கும், ஒன்றும் ஆகாது. இரண்டு மணி நேரத்தில் நமக்கே அது புரிந்துவிடும். உண்மையான பயம் எதிரிச் சிப்பாய்களிடம் இருக்கிறது. திட்டமிட்டுச் செயல்படும் அந்தச் செயற்கை அறிவு இன்றும் விளையாட்டு உருவாக்குபவர்களின் கூட்டங்களில் பேசப்படுவது. வழியடைத்து, பின்னால் சுற்றி வந்து, நாம் எங்கே நிற்கிறோம் என்று ஒருவருக்கொருவர் வானொலியில் கத்துவார்கள். ஈஏஎக்ஸ் எதிரொலியோடு அந்தக் கத்தல் எந்த வராந்தாவில் இருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியும்போது, இது திகில் கேமா என்ற கேள்வியே எழாது. அதே நிறுவனத்தின் 'கண்டெம்ன்ட்' இதே இன்ஜின்தான். எச்ஐடி நோய் அதிலும் உண்டு, எனவே அதை அடுத்ததாக வரிசையில் வையுங்கள்.

மூடுபனி ஒரு பொருள்

'சைலன்ட் ஹில் 2' விஷயத்தில் எந்தப் பதிப்பு என்பதே முதல் கேள்வி. 2001 பிளேஸ்டேஷன் 2 மூலம். 2002 கணினிப் பதிப்பு. 2012-இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த எச்டி கலெக்‌ஷன். 2024-இல் ப்ளூபர் டீம் செய்த மறுஆக்கம். எச்டி கலெக்‌ஷனைத் தொடாதீர்கள். இறுதி மூலக்குறியீடு பாதுகாக்கப்படாததால் முடிவுறாத குறியீட்டிலிருந்து அது கட்டப்பட்டது. பனி மெலிந்து, ஏரியில் தண்ணீர் எங்கே வெட்டுப்பட்டு முடிகிறது என்பதுகூடத் தெரியும். ஒரு பெயர்ப்பலகை காமிக் சான்ஸ் எழுத்துருவில் நிற்கும். அதை விளையாடிவிட்டு மூலத்தைக் குறைசொன்னவர்கள் பாவம்.

கணினிப் பதிப்பை அப்படியே ஓட்டினால் பல கோர் செயலிகளில் சத்தம் சிக்கி ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஒரே கோரில் கட்டிவைப்பது பழைய தீர்வு. இப்போது 'என்ஹான்ஸ்டு எடிஷன்' என்ற ரசிகர் திட்டம் ஒலிச் சிக்கல், அகலத்திரை, 60 ஃபிரேம், தரமான காணொளிகள், பிளேஸ்டேஷன் 2-க்கு நெருக்கமான பனி எல்லாவற்றையும் ஒரே நிறுவியில் தருகிறது. கேம் கோப்புகள் அதில் வராது. மூலக் கணினிப் பதிப்பு கையில் இருக்க வேண்டும், அது டிஜிட்டல் கடைகளில் விற்பனைக்கு இல்லை. நிறுவும்போது 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையைத் தவிர்த்து வேறிடத்தில் வையுங்கள், அங்கே எழுத விண்டோஸ் அனுமதி மறுத்தால் பாதிக் கோப்புகள் மாறாமல் நிற்கும். படத்தின்மேல் வரும் சலனப் புள்ளிகளை அணைக்கத் தோன்றும், அணைக்காதீர்கள். பழைய முகங்களின் கூர்மையின்மையை மூடி, இருட்டுக்கு ஒரு தோல் கொடுப்பது அதுதான்.

சண்டைக்கும் புதிருக்கும் தனித்தனி நிலை தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் இயல்பு நிலையில் வைத்து, முதல்முறை வழிகாட்டி எதையும் பார்க்காமல் முடியுங்கள். ஏனென்றால் முடிவு எது என்பதை நாம் தெரியாமல் செய்யும் செயல்களே தீர்மானிக்கின்றன. ஆஞ்செலா என்ற பாத்திரத்தின் கத்தியை எடுத்து எடுத்துப் பார்த்தீர்களா, காயத்தோடு மருந்து போடாமல் நெடுநேரம் நடந்தீர்களா, நம்மோடு வரும் மரியாவின் அருகிலேயே இருந்தீர்களா என்று கேம் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். வழிகாட்டியைப் பார்த்து விளையாடுபவருக்குக் கிடைப்பது அவருடைய முடிவு அல்ல, வழிகாட்டி எழுதியவருடையது.

சண்டை மொண்ணை, கேமரா சுவருக்குள் மாட்டும், அடுக்குமாடிப் பகுதியில் பூட்டிய கதவுகள் சலிப்பூட்டும். இவை எல்லாம் உண்மை. ஆனால் அரக்கன் அருகில் இருப்பதை அறிவிக்கும் வானொலி பனிக்குள் கரகரக்கத் தொடங்கும்போது எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும் அந்தக் கணத்துக்கு, பனி அடர்த்தியாக இருக்க வேண்டும். இருபது அடி கூடுதலாகத் தெரிந்தால் வானொலிக்கு வேலையே இல்லை.

'ரெசிடென்ட் ஈவில் எச்டி ரீமாஸ்டர்' (2015) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்காக ஓடுகிறது. ஒரே திருத்தம்: திரையை 4:3-க்கு மாற்றுங்கள். பின்னணிகள் முன்கூட்டியே வரைந்த படங்கள், அகலத்திரையில் மேலும் கீழும் வெட்டி, நாம் நகர நகரப் படத்தை உருட்டுகிறது. ஒரு மூலையை வேண்டுமென்றே மறைக்கும் கோணம் அப்போது கலைந்துபோகும். கட்டுப்பாடும் பழைய வகையிலேயே இருக்கட்டும். புது வகையில் ஜாம்பியைச் சுற்றி ஓடுவது மிக எளிது, அதனால் தோட்டா மிஞ்சும், மிஞ்சினால் பிணத்தை எரிக்க மண்ணெண்ணெய் சுமப்பதா வேண்டாமா என்ற கணக்கே தேவைப்படாது. பொருள் சுமக்க எட்டு இடம் கொண்ட ஜில் என்ற பாத்திரத்தை முதலில் எடுங்கள், ஆறு இடம் கொண்ட கிறிஸ் இரண்டாம் சுற்றுக்கு.

தாமதம்: பிளேஸ்டேஷன் 2 வேலை

'ஃபேட்டல் ஃபிரேம் 2' (2003) கேமராவால் பேயை அடக்கும் கேம். பேய் நெருங்கி, தாக்க வரும் கணத்தில் படமெடுத்தால்தான் பெரிய சேதம். அந்தக் கணம் மிகக் குறுகியது. பிளேஸ்டேஷன் 2 அனுப்புவதோ ஒன்றுவிட்டு ஒரு வரியாக மாறி மாறி வரும் 480ஐ இன்டர்லேஸ் படம். இன்றைய டிவி அதைத் தைத்து முழுப்படமாக்க நேரம் எடுத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்திப் படம் மாறுவதற்குள் பேய் கழுத்தைப் பிடித்துவிடும். 'சண்டை அநியாயம்' என்ற புகாரின் ஊற்று பெரும்பாலும் இதுவே.

மஞ்சள் முனை கொண்ட கம்போசிட் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காம்போனென்ட் கேபிள் வாங்குங்கள். டிவியில் கேம் நிலையைப் போடுங்கள். இன்னும் தாமதம் தெரிந்தால் ஓஎஸ்எஸ்சி அல்லது ரெட்ரோடிங்க் போன்ற மாற்றிப்பெட்டியில் 'பாப்' முறையில் வரி இரட்டிப்பு, அதாவது பாதிப் படங்களைத் தைக்காமல் ஒவ்வொரு வரியையும் இரண்டாக்கிக் காட்டுவது. படம் சற்றுத் துடிக்கும், ஆனால் தாமதம் ஏறத்தாழ இல்லை. மலிவு விலை எச்டிஎம்ஐ குச்சிகள் கேபிள் தொல்லையைத் தீர்க்குமே தவிர தாமதத்தைத் தீர்க்காது, டிவி வழக்கம்போலத் தைத்துக்கொண்டிருக்கும்.

பிளேஸ்டேஷன் 2 போலவே நடந்துகொள்ளும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் கணினியில் ஓட்டினால் வேறு தொந்தரவு. உள் தெளிவுத்திறனைக் கூட்டும்போது மங்கல் விளைவும் ஒளிப்பரவலும் இடம்பெயர்ந்து உருவங்களுக்கு இரட்டை நிழல் விழும். 'ஹாஃப் பிக்சல் ஆஃப்செட்' அமைப்பை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும், தீராவிட்டால் மூலத் தெளிவுத்திறனுக்கே திரும்புங்கள். பேய்ப்படத்தில் பேய் இரண்டாகத் தெரிவது வேடிக்கை, மதிப்பீட்டுக்கு ஆகாது.

கேம்கியூபின் 'எட்டர்னல் டார்க்னெஸ்' (2002) இங்கே ஒரு தனி வழக்கு. மனநிலை குறையும்போது டிவியின் ஒலி அளவு தானாக இறங்குவது போலப் பச்சைக் கோடு காட்டி ஏமாற்றும், சேமிப்புகளை அழிப்பதாக நடிக்கும். அன்றைய டியூப் டிவிகளின் பச்சைக் கோடு அது. இன்றைய டிவியில் யாரும் ஏமாற மாட்டார்கள். எந்த அமைப்பாலும் மீட்க முடியாத பயம் இது ஒன்றுதான் இந்த வரிசையில். எனவே அந்தத் தந்திரங்களுக்கு மதிப்பெண் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், மற்றதை எடைபோடுங்கள்.

ஏலியன்: ஐசொலேஷன்

2014, கிரியேட்டிவ் அசெம்பிளி. தொழில்நுட்பக் குறை ஒன்றே: விளிம்புகள் மினுமினுக்கும். குழாயும் கம்பியும் நிறைந்த விண்வெளி நிலையத்தில் அந்த மினுக்கம் தூரத்து அசைவு போலத் தோன்றி, இல்லாத ஏலியனைக் காட்டும். 'அலையஸ் ஐசொலேஷன்' என்ற மோட் (ரசிகர் செய்த மாற்றக் கோப்பு) காலவழி ஆன்டிஅலையாசிங் சேர்த்து அதை அடக்குகிறது. கோப்பைப் போட்டபின் கேமுக்குள் ஆன்டிஅலையாசிங்கை எஸ்எம்ஏஏ டி1-இல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட் வேலை செய்யாது.

நிலை: கடினம். இயல்பு நிலையில் ஏலியன் நம்மை விட்டு விலகும் நேரம் அதிகம். இங்கே இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. ஒன்றுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று எப்போதும் தெரியும், அது ஏலியனுக்கு ஏரியாவை மட்டும் காட்டிக்கொடுக்கும். தேடுவது ஏலியனின் சொந்தக் கண்ணும் காதும். இதைத் தெரிந்துகொண்டால் விமர்சனம் கூர்மையாகும். 'ஏமாற்றுகிறது' என்று எழுத முடியாது, 'அருகிலேயே வட்டமிட வைக்கிறது' என்று எழுதலாம். அசைவுமானியின் பீப் ஒலியும் அதன் காதில் விழும். சேமிக்கும்போது நேரம் நிற்காது. அட்டையைச் செருகி மூன்று விளக்கு எரியும் வரை நிற்கும் அந்த நேரத்தில் முதுகில் வால் இறங்கலாம்.

ஐந்தாவது பணி, சான் கிறிஸ்டோபல் மருத்துவப் பகுதி, இந்த மொத்தக் குவியலிலேயே சிறந்த திகில் என்று தயங்காமல் சொல்லலாம். அங்கே ஆயுதம் பயனில்லை, காற்றுக்குழாய்ச் சத்தம் மட்டுமே துணை. ஹெட்போன் அமைப்பில் செய்த வேலை முழுதும் அங்கே பலன் தரும். பாதியைத் தாண்டித் தீயெறி துப்பாக்கி கைக்கு வந்ததும் உறவு மாறுகிறது. ஒரு பீய்ச்சு பீய்ச்சினால் ஏலியன் ஓடிவிடும். பிறகு அது நெடுநேரம் காணாமல் போக, ஆண்ட்ராய்டுகள் எனப்படும் மனித உருவ ரோபோக்களோடு மல்லுக்கட்டு. பதினெட்டுப் பணிகள் என்பது மூன்று நான்கு அதிகம்.

பதிவும் குறிப்பும்

திரையைப் பதிவுசெய்யும் ஓபிஎஸ் நிரலில் 1080பி, 60 ஃபிரேம், நொடிக்கு 20 மெகாபிட் வைத்தால் மணிக்கு 9 ஜிபி ஆகும். பத்து மணி நேர கேமுக்கு 90 ஜிபி. முழுதையும் வைத்திருக்கத் தேவையில்லை. 'ரீப்ளே பஃபர்' 60 நொடியில் வைத்து, ஏதாவது நடந்ததும் ஒரு விசையை அழுத்தினால் அதற்கு முந்தைய ஒரு நிமிடம் மட்டும் சேமிப்பாகும். கேம் ஒலியும் மைக்கும் தனித்தனி டிராக்கில் இருக்கட்டும். வண்ண வரம்பு 'லிமிடெட்' என்று இருப்பதை மாற்றாதீர்கள். 'ஃபுல்' வைத்தால் பல பிளேயர்களில் பதிவின் கறுப்பு தவறாகத் தெரியும், படச்சான்றே பொய்யாகிவிடும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு சேமிப்பிடத்திலும் எழுத வேண்டியவை நான்கு: ஓடிய நேரம், கையிருப்பு, முந்தைய சேமிப்புக்குப்பின் செத்த எண்ணிக்கை, பயந்த இடம். கையிருப்பு என்றால் தோட்டா, மருந்து, எண்ணெய் எதுவானாலும். இது அலுப்பான வேலைதான். ஆனால் ஆட்டம் முடிந்தபின் பார்த்தால் பயம் எங்கே வற்றியது என்பது கையிருப்பு ஏறத் தொடங்கிய இடத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். டெட் ஸ்பேஸின் பின்பகுதி, ஐசொலேஷனின் தீயெறிக்குப் பிந்தைய பணிகள் இரண்டிலும் அப்படித்தான்.

ஒரே இடத்தில் மூன்றாவது முறை சாகும்போது பயம் எரிச்சலாகிவிடும். அங்கேயே தொடராமல் நிறுத்திவிட்டு மறுநாள் வாருங்கள். ஒரு அமர்வு 90 நிமிடத்துக்கு மேல் போனாலும் இதே கதி. பகலில் ஜன்னல் திறந்த அறையில் விளையாடிய பகுதியைத் தனியாகக் குறித்துவையுங்கள், அந்தப் பகுதிக்கு மதிப்பு எழுதாதீர்கள்.

கடைசியாகச் சேமிப்புக் கோப்புகள். பழைய கேம்கள் பலவற்றுக்குக் கிளவுட் சேமிப்பு கிடையாது. சில கேம் கோப்புறைக்குள்ளேயே வைக்கின்றன, சில 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில், ஃபியர் பொது டாக்குமென்ட்ஸில் மோனோலித் பெயரில். நீக்கும் முன் சேமிப்பையும், போட்ட டிஎல்எல் கோப்புகளையும், மாற்றிய அமைப்புக் கோப்பையும் கேம் பெயரில் ஒரே கோப்புறையாகப் பிரதி எடுத்து வையுங்கள். ஸ்டீமில் 'கோப்புகளைச் சரிபார்' என்பதை அழுத்தினால் மாற்றிய மூலக் கோப்புகள் பழையபடி ஆகிவிடும். ஆனால் நாம் புதிதாகச் சேர்த்த டிஎல்எல் அங்கேயே கிடக்கும், அதைக் கையால்தான் அழிக்க வேண்டும்.